கைபேசி மகளிடம், படிவம் தகப்பனிடம்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில் கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்தால் அலவத்துகொட வரும். சிங்களவர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் என்று மூன்று சமூகங்களும் ஒரே கடைத்தெருவில் சாமான் வாங்குகிற, ஒரே பஸ்ஸில் கண்டிக்குப் போகிற வட்டாரம் இது. இங்கே 2006 ஜனவரியில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையை மனதில் வைத்துக்கொள்வோம். 2024 பெப்ரவரி 1 ஆம் திகதி வரும்போது அவளுக்கு 18 வயது நிரம்பிவிட்டது. அந்த ஆண்டு செப்டெம்பர் 21 இல் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 இல் பாராளுமன்றத் தேர்தல். இரண்டிலும் வாக்களிக்கச் சட்டப்படி அவளுக்குத் தகுதி உண்டு.

அந்த வருடத்தின் நடுப்பகுதியிலிருந்து அவளுடைய கைபேசியில் அரசியல்வாதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். அனுர குமார திசாநாயக்கவின் கூட்டங்கள், சஜித் பிரேமதாசவின் பேச்சுகள், ரணில் விக்கிரமசிங்கவின் நேர்காணல்கள் எல்லாம் அரை நிமிடத் துண்டுகளாக டிக்டொக்கிலும் பேஸ்புக்கிலும் ஓடின. பாட்டு சேர்த்து, எழுத்து சேர்த்து, சிங்களப் பேச்சுக்குத் தமிழ் எழுத்து போட்டுக்கூட வந்தன. அவற்றைப் பார்த்து அவள் யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்திருக்கலாம். ஆனால் வாக்காளர் இடாப்பில் அவளுடைய பெயர் இருந்ததா என்பதை அந்தக் காணொளிகளில் ஒன்றுகூடத் தீர்மானிக்கவில்லை. அது மாதங்களுக்கு முன்பே, பெரும்பாலும் அவள் ரியூசன் வகுப்பில் இருந்த ஒரு பின்னேரத்தில், அவளுடைய தகப்பனுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் இடையில் தீர்ந்துபோன விஷயம்.

அரசியல்வாதிகள் ஊடகங்களில் இளைஞரோடு நெருங்கிப் பழகினால் இளைஞர் வாக்காளராகப் பதிவது கூடுமா என்ற கேள்வியை இலங்கையில் இந்த வீட்டு வாசலிலிருந்துதான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தக் கேள்வி பிறந்து வளர்ந்த அமெரிக்காவில் அமைப்பே வேறு. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் 18 வயதானவர் தானாகப் போய்த் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதனால் பிரபலமான ஒருவர் ஒரு இணைப்பைப் பகிர்ந்தால் அதன் விளைவை அன்றைக்கே எண்ணிவிட முடிகிறது. 2023 செப்டெம்பரில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் இன்ஸ்டகிராமில் ஒரு குறிப்பு போட்ட நாளில் ஒரு பதிவுத் தளத்தில் 35,000 பேருக்கு மேல் பதிந்தார்கள். பார்த்தவரும் பதிந்தவரும் அங்கே ஒருவரே.

இலங்கையில் அப்படியில்லை. 1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க வாக்காளர் பதிவுச் சட்டத்தின்படி இடாப்பு வருடாவருடம் திருத்தப்படுகிறது. கிராம உத்தியோகத்தர் படிவம் கொடுத்தோ வீட்டுக்கு வந்து விசாரித்தோ விவரம் திரட்டுகிறார். வீட்டின் தலைவராக இருப்பவர் அந்த வீட்டில் வசிக்கும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைச் சொல்கிறார், கையொப்பமிடுகிறார். பிறகு நீக்கப்படவிருக்கும் பெயர்களும் புதிதாகச் சேர்க்கப்படவிருக்கும் பெயர்களும் கொண்ட பட்டியல்கள் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. உரிமைக் கோரிக்கைக்கும் ஆட்சேபனைக்கும் கால அவகாசம் உண்டு. அதன்பின் இடாப்பு உறுதிப்படுத்தப்படுகிறது. விடுபட்ட ஒருவர் தானே போய் உரிமை கோருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் நடைமுறையில் இது ஒரு வீட்டுக் காரியம். குடும்ப அட்டை, மின்சாரப் பட்டியல் மாதிரி, பெரியவர் பார்த்துக்கொள்வார் என்று பிள்ளைகள் விட்டுவிடுகிற காரியம்.

இந்த முறைக்குப் பெரிய நன்மை உண்டு. அரசு தானே வாசலுக்கு வருவதால் இலங்கையில் வாக்காளர் பதிவு பரவலாக நடக்கிறது. அலைந்து திரியத் தேவையில்லை. ஆனால் இதே முறை, இளைஞரை நேரடியாகச் சென்றடைகிற ஊடகத்துக்கும் பதிவுக்கும் இடையில் ஒரு மூன்றாம் ஆளை நிறுத்தி வைக்கிறது. அந்த மூன்றாம் ஆள் டிக்டொக் பார்ப்பதில்லை.

காலக்கணக்கையும் பார்க்க வேண்டும். 2021 வரை தகுதித் திகதி, அதாவது 18 வயது நிரம்பியிருக்க வேண்டிய நாள், ஜூன் 1. அந்த ஆண்டு வந்த திருத்தம் அதைப் பெப்ரவரி 1 ஆக்கியது. அதற்குப் பிறகு 18 வயதை எட்டுவோரைத் துணைப் பட்டியல்கள் மூலம் சேர்க்கவும் வழி செய்தது. நல்ல திருத்தம். அது இல்லாத 2019 இல் என்ன நடந்தது என்பதை நினைத்தால் அதன் அருமை தெரியும். அந்த நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலுக்கு 2018 ஆம் ஆண்டின் இடாப்பே பயன்பட்டது. இடைப்பட்ட காலத்தில் 18 வயதைத் தொட்டவர்கள் வாக்களிக்க முடியாமல் வாக்களிப்பு நிலையத்தை வெளியே நின்று பார்த்தார்கள்.

ஆனால் திருத்தத்துக்குப் பிறகும் அரசியல்வாதிகளின் ஊடக நாட்காட்டி மாறவில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கான அறிவிப்பு ஜூலை 26 இல் வந்தது, வேட்புமனு ஆகஸ்ட் 15 இல். கைபேசிகள் சூடானது அதற்குப் பிறகுதான். இடாப்புக்கு விவரம் திரட்டும் காலம் அப்போது முடிந்துவிட்டிருந்தது. அந்த ஆண்டின் மிகப் பெரிய ஊடக வெள்ளம் முழுவதும் கதவு மூடிய பிறகு வந்த வெள்ளம். செப்டெம்பர் தேர்தலுக்கும் நவம்பர் தேர்தலுக்கும் வாக்காளர் எண்ணிக்கை ஒன்றேதான்: 1 கோடியே 71 இலட்சத்து 40 ஆயிரத்து 354. எத்தனை கோடிப் பார்வைகள் பெற்ற காணொளியும் அந்தக் கடைசி இலக்கமான 4 ஐ 5 ஆக்கியிருக்க முடியாது.

ஊடகம் வேலை செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. அது வேறோர் இடத்தில் வேலை செய்தது. 2019 இல் 3.16 வீத வாக்கு பெற்ற அனுர குமார 2024 இல் முதல் எண்ணிக்கையிலேயே 42.31 வீதம் பெற்றார். இதற்கு 2022 இன் பொருளாதார வீழ்ச்சியும் காலிமுகத்திடல் போராட்டமும் அடிப்படைக் காரணங்கள் என்றாலும், அந்தக் கோபத்தை ஒரு கட்சிக்கான வாக்காகத் திரட்டியதில் சமூக ஊடகங்களுக்குப் பங்கில்லை என்று யாரும் வாதிட மாட்டார்கள். கண்டி மாவட்டத்தில் நவம்பரில் 12 ஆசனங்களில் 9 ஐ அவருடைய தேசிய மக்கள் சக்தி எடுத்தது. தெரிவை மாற்றுவதில் ஊடகத்தின் கை தெரிகிறது. வாக்களிக்கப் போவதில்கூட அது ஓரளவே தெரிகிறது. செப்டெம்பரில் 79.46 வீதமாக இருந்த வாக்களிப்பு, அதே இடாப்பில், எட்டு வாரங்களுக்குள் 68.93 வீதமானது. சுமார் 18 இலட்சம் பேர் இரண்டாம் முறை போகவில்லை. காணொளிகள் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பதிவைப் பற்றிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். 2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் பதிந்திருந்தவர்கள் 1 கோடியே 50 இலட்சத்து 44 ஆயிரத்து 490 பேர். 2019 நவம்பரில் 1 கோடியே 59 இலட்சத்து 92 ஆயிரத்து 96 பேர். அதிகரிப்பு 9 இலட்சத்து 47 ஆயிரத்துச் சொச்சம். 2019 இலிருந்து 2024 வரை அதிகரிப்பு 11 இலட்சத்து 48 ஆயிரத்துச் சொச்சம். இரண்டு இடைவெளிகளும் ஏறக்குறைய நாலு வருடம் பத்து மாதம். இரண்டாவது இடைவெளியில் இரண்டு இலட்சம் கூடுதல் என்றதும், போராட்ட காலத்து இளைஞர் அரசியலும் சமூக ஊடகமும் சேர்ந்து பதிவைக் கூட்டின என்று எழுதிவிட ஆசை வரும். ஆனால் 2019 இல் எண்ணியது 2018 இன் இடாப்பு, 2024 இல் எண்ணியது அந்த ஆண்டின் இடாப்பு. இரண்டாவது இடைவெளி உண்மையில் நீளமானது. தகுதித் திகதியும் நடுவில் மாறியிருக்கிறது. பிறப்பு, இறப்பு, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் இதற்குள் கலந்திருக்கின்றன. இந்த எண்களை வைத்து எந்த அரசியல்வாதியின் காணொளிக்கும் ஒரு பதிவைக்கூடக் கணக்கு வைக்க முடியாது என்பதுதான் நேர்மையான முடிவு.

இந்த வட்டாரம் ஊடகத்துக்கு முந்திய அரசியலையும் நன்றாக அறிந்தது. அக்குறணையிலிருந்து 1960 இல் பாராளுமன்றம் போன ஏ.சி.எஸ். ஹமீத், 1977 இல் இரு அங்கத்தவர் தொகுதியான ஹாரிஸ்பத்துவவில் தெரிவாகி, பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக நாட்டின் வெளிவிவகார அமைச்சராக இருந்தார். இரு அங்கத்தவர் தொகுதி என்பது, பெரும்பான்மைக்குப் பக்கத்தில் வாழும் சிறுபான்மையும் ஒருவரை அனுப்ப இடம் வைத்த ஏற்பாடு. அங்கே ஒவ்வொரு பெயருக்கும் எடை இருந்தது. இடாப்பில் பெயர் விடுபட்டதா என்பதைக் கட்சிக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அன்று தேர்தல் வேலையின் பாதி. இன்றைய விகிதாசார முறையில் மாவட்டம் முழுவதும் ஒரே களம். சுமார் 12 இலட்சம் வாக்காளர் கொண்ட கண்டி மாவட்டத்தில் விருப்பு வாக்குக்காக ஓடும் ஒருவருக்கு ஒரு கிராமத்தின் இடாப்பைப் புரட்ட நேரமில்லை. கைபேசிக்குள் போவதே அவருக்குச் சிக்கனம். ஊடகம் வளர்ந்ததால் மட்டுமல்ல, தேர்தல் முறை மாறியதாலும் இடாப்பு வேலை கைவிடப்பட்டது என்பது என் எண்ணம்.

மலையகத் தமிழருக்கு ஊடகம் வழியாக அரசியல் வந்த கதை டிக்டொக்கோடு தொடங்கியதும் அல்ல. சக்தி ரிவியில் ‘மின்னல்’ நிகழ்ச்சியை நடத்திய ஸ்ரீரங்கா 2010 இல் நுவரெலியா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போனார். தொலைக்காட்சியில் அரசியல்வாதிகளைக் கேள்வி கேட்டவரே அரசியல்வாதியானார். பத்து ஆண்டு கழித்து, தந்தை ஆறுமுகன் தொண்டமான் மறைந்து மூன்று மாதம் ஆகுமுன், ஜீவன் தொண்டமான் அதே மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான விருப்பு வாக்குகள் பெற்றார். அவருடைய வயது இருபதுகளின் நடுவில். தங்கள் வயதை ஒத்த ஒருவரைக் கைபேசியில் பார்த்த இளைஞர் பலர் உற்சாகப்பட்டது உண்மை. அந்த உற்சாகம் ஏற்கெனவே இடாப்பில் இருந்தவர்களைத்தான் வாக்காக மாற்ற முடிந்தது. 2020 ஆகஸ்டில் பயன்பட்டது 2019 இன் இடாப்பு.

இடாப்பு என்ற சொல் மலையகத் தமிழர் காதில் மற்றவர்கள் காதில் விழுவது போல் விழாது. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு 21 வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை தந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 இன் தேர்தல் திருத்தச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் பெயர்களை இடாப்பிலிருந்து மொத்தமாக அகற்றியது. 1959 இல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. பிரித்தானியாவுக்குப் பத்து ஆண்டும், இந்தியாவுக்கு முப்பது ஆண்டும் முந்திய பெருமை அது. ஆனால் அன்று தோட்டத்தில் 18 வயதானவனுக்கு அந்தச் சட்டத்தால் பயனில்லை. அவனுடைய தகப்பன் பெயரே பட்டியலில் இல்லை. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964, பிறகு 1974 இன் ஒப்பந்தம், 1988 இன் சட்டம், கடைசியாக 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் என்று இழந்ததைத் திரும்பப் பெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அதனால்தான் லயத்தில் இருக்கும் தாத்தா படிவம் வரும் நாளை மறக்க மாட்டார். பேரனுக்கு அது வெறும் கடதாசி. தோட்டத்தில் இன்றைக்கும் பல வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட நிர்வாகம் வழியாக வருகிறது. பேரன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறான், பேத்தி ஆடைத் தொழிற்சாலை விடுதியில் இருக்கிறாள். ‘வழக்கமாக வசிக்கும் இடம்’ என்று சட்டம் கேட்கும்போது அவர்கள் எங்கே வசிக்கிறார்கள்? இரண்டு இடத்திலும் யாராவது சொல்லுவார்கள் என்று இருந்து, இரண்டிலும் பெயர் விடுபடுவது நடக்கக்கூடியது. அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் இதே கேள்வி வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் மண்சரிவுகள் கண்டி மாவட்டத்தை மிக மோசமாகத் தாக்கிய பிறகு, வீடிழந்து உறவினர் வீடுகளுக்குப் போனவர்களுக்கும் அதே கேள்வி.

பெயர் விடுபட்டால் தனியாள் இழப்பது ஒரு வாக்கு. மாவட்டம் இழப்பது அதைவிடப் பெரிது. மாவட்டங்களுக்குப் போகும் 196 பாராளுமன்ற ஆசனங்களில் 36 மாகாணங்களுக்குச் சமமாகப் பிரிகிறது. மீதி 160 ஐப் பதிவு செய்த வாக்காளர் எண்ணிக்கையை வைத்தே பங்கிடுகிறார்கள். சனத்தொகை அல்ல, இடாப்பு. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் ஒன்பதாக இருந்த ஆசனங்கள் 2015 இல் ஏழாகி, 2024 இல் ஆறாகின. கம்பஹா 18 இலிருந்து 19 ஆனது. இதைத் தமிழ் அரசியல்வாதிகள் தங்கள் பக்கங்களில் இளைஞருக்கு எத்தனை தடவை விளக்கினார்கள்? வாக்குக் கேட்டு நூறு காணொளி போட்டவர், இடாப்பைப் பற்றி இரண்டு போட்டிருந்தால் அதிகம்.

இந்த வட்டாரத்து இளைஞரிடம் சமூக ஊடகத்தைப் பற்றிப் பேசும்போது 2018 மார்ச்சைத் தாண்டிப் போக முடியாது. திகனயில் தொடங்கிய முஸ்லிம் விரோத வன்முறை கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வரை பரவியது. மார்ச் 6 இல் அவசரகால நிலை, மறுநாள் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் தடை. வெறுப்பைத் தூண்டும் பதிவுகள் தங்கள் தளத்தில் பரவியதற்காக 2020 இல் பேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அன்று பத்து, பன்னிரண்டு வயதாக இருந்தவர்கள்தான் இன்றைய புதிய வாக்காளர்கள். பெற்றோர் பதறிப்போய் வட்ஸ்அப் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்த இரவுகள் அவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பிள்ளைகள் கைபேசியில் வரும் அரசியலை ரசிப்பார்கள், பகிர்வார்கள். அதை நம்பி ஓர் அலுவலகத்துக்குப் போவார்களா என்பது வேறு. பதிவு என்பது அரசிடம் போய் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்வது. அந்த அரசின் மேல் நம்பிக்கை இல்லாதவனுக்கு எந்தத் தலைவரின் காணொளியும் போதாது.

அப்படியானால் எது போதும்? 2010 இல் பேஸ்புக்கில் 6 கோடியே 10 இலட்சம் அமெரிக்கப் பயனாளரிடம் நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவுகள் 2012 இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்தன. வாக்களிக்கச் சொல்லும் வெறும் தகவல் கிட்டத்தட்ட எந்த விளைவையும் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே வாக்களித்த நண்பர்களின் முகங்களோடு வந்த அதே தகவல் வாக்களிப்பைக் கூட்டியது. அதிலும் நெருங்கிய நண்பர்களின் வழியாகப் பரவிய விளைவே பெரியது. அது வாக்களிப்பைப் பற்றிய ஆய்வுதான், பதிவைப் பற்றியதல்ல. இருந்தும் நம் ஊருக்கு அது பொருந்தும் என்று நம்புகிறேன். தொலைவில் இருக்கும் பெரிய முகத்தைவிடத் தெரிந்த சின்ன முகம் ஆளை நகர்த்துகிறது.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் இதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. வேட்பாளர் பட்டியலில் நான்கில் ஒரு பங்கு இளையோராக இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கட்சிகள் ஊர் ஊராக இளைஞரைத் தேடின. இளம் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியில் குறை என்று சில பட்டியல்கள் நிராகரிக்கப்பட்டு, நீதிமன்றம் போய்த் திரும்ப ஏற்கப்பட்டன. கடதாசி எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு தலைமுறை அந்த வாரங்களில் நேரில் கற்றது. அப்படி வந்தவர்களில் வென்றவர்கள் இன்று பிரதேச சபைகளில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா, விளையாட்டுக் கழகத்து அண்ணன். இவர்களுக்கு ஊரின் வட்ஸ்அப் குழுக்களில் இடம் உண்டு, வீட்டுக்குள் போய்த் தகப்பனிடம் பேசவும் உரிமை உண்டு.

காலம் பார்த்துப் பேசிய உதாரணத்துக்குத் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். 2025 நவம்பரில் அங்கே வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கி வீடு வீடாகப் படிவம் போனபோது, கட்சிகள் அதையே அரசியலாக்கின. ஒரு பக்கம் எதிர்ப்பு, மறு பக்கம் படிவத்தை எப்படி நிரப்புவது என்ற விளக்கம். நடிகராக இருந்து கட்சி தொடங்கிய விஜய் காணொளி ஒன்றில் வாக்காளர் பட்டியலைப் பற்றியே பேசினார். டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 இலட்சம் பெயர்கள் இல்லை என்றதும் மக்கள் தங்கள் பெயரைத் தேடத் தொடங்கினார்கள். அந்தத் திருத்தத்தின் சரி பிழை தனி விவாதம். நம் விஷயத்துக்கு முக்கியமானது, படிவம் வாசலில் இருந்த நேரத்தில் அரசியல்வாதிகளின் ஊடகமும் அங்கே இருந்தது என்பது. இந்தியாவிலும் 2021 இல்தான் தகுதித் திகதியை ஆண்டுக்கு ஒன்றிலிருந்து நான்காக்கினார்கள். 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கவும் வழி உண்டு. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே பிள்ளை தன் கையால் விண்ணப்பிக்கலாம்.

இலங்கையில் அப்படிப் பேசிய பொதுமுகம் ஒன்று நினைவுக்கு வருகிறது, அவர் அரசியல்வாதி அல்ல. 2015 முதல் 2020 வரை தேர்தல்கள் ஆணைக்குழுவின் தலைவராக இருந்த மஹிந்த தேசப்பிரிய. தொலைக்காட்சியில் அவர் மறைக்காமல், வீட்டுப் பேச்சில் பேசினார். இளைஞர் அவரைக் கேட்டார்கள். அவருடைய பேச்சில் வாக்கு கேட்கும் நோக்கம் இல்லாததால் தகப்பன்மாரும் கேட்டார்கள்.

ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா வரை வேட்பாளர் செலவிடலாம் என்று 2024 இல் வரம்பு வைக்கப்பட்டது. அந்தப் பணம் ஏற்கெனவே இடாப்பில் இருப்பவரின் மனதை மாற்றவே செலவாகிறது. புதிய பெயரைச் சேர்ப்பதில் எந்த வேட்பாளருக்கும் உறுதியான இலாபம் இல்லை. சேர்ந்தவன் யாருக்கு வாக்களிப்பான் என்று அவருக்குத் தெரியாது. அதனால் இந்த வேலையைக் கட்சித் தலைவர்களின் ஊடகப் பிரிவுகளிடம் நான் எதிர்பார்க்கவில்லை. ஊரில் இருக்கிறவர்களிடம் எதிர்பார்க்கிறேன். அலவத்துகொடப் பக்கத்துக் கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவரிலும் வருடத்தில் சில வாரங்கள் அந்த இரண்டு பட்டியல்களும் தொங்கும், ஒன்றில் போகிற பெயர்கள், மற்றதில் வருகிற பெயர்கள். அந்த வாரங்களில் ரியூசன் விட்டு வருகிற ஒரு பிள்ளை உள்ளே போய்த் தன் பெயரை விரலால் தேடிப் பார்க்கலாம். இல்லையென்றால் அங்கேயே உரிமைக் கோரிக்கைப் படிவத்தைக் கேட்கலாம். பட்டியல் வந்துவிட்டது என்று வகுப்பு நண்பர்களின் வட்ஸ்அப் குழுவில் அவள் ஒரு வரி போட்டால், அடுத்த நாள் இன்னும் நாலு பேர் வருவார்கள்.